பாடத் தேர்வு யாருடைய தேர்வு?

தமிழில் ‘தேர்வு’ என்னும் சொல் மூன்று பொருள்களைத் தாங்கி நிற்கிறது. மாணவர் மண்டபத்தில் அமர்ந்து எழுதுவதும் தேர்வு. பலருள் சிலரைப் பிறர் பிரித்தெடுப்பதும் தேர்வு. ஒருவர் தம் விருப்பப்படி ஒன்றை எடுத்துக்கொள்வதும் தேர்வு. முதலாவதில் அவர் சோதிக்கப்படுகிறார். இரண்டாவதில் அவரைப் பிறர் பொறுக்கி எடுக்கின்றனர். மூன்றாவதில்தான் அவரே செயலாற்றுகிறார். மூன்றும் ஒரே சொல்லுக்குள் அடங்கியிருப்பதாலோ என்னவோ, பிறர் தமக்கென முடிவு செய்ததையும் தாமே தேர்ந்துகொண்டதாக எண்ணி மயங்குதல் எளிதாகிவிடுகிறது.

மலேசிய இடைநிலைப்பள்ளிகளில் மூன்றாம் படிவம் முடியும் தறுவாயில் மாணவர் கையில் ஒரு தாள் தரப்படுகிறது. நான்காம், ஐந்தாம் படிவங்களில் பயில விரும்பும் பாடங்களை அதில் குறித்து, பெற்றோரின் கையொப்பத்துடன் திருப்பித் தர வேண்டும். அப்போது மாணவருக்கு வயது 15. கையொப்பமிடும் தாயோ தந்தையோ அத்தாளைப் படித்துப் பார்த்திருக்கலாம்; படிக்காமலும் இருந்திருக்கலாம். ஐந்து நிமிடங்களில் முடிந்துவிடும் அச்செயல், அம்மாணவர் பிற்காலத்தில் பல்கலைக்கழகத்தின் எந்தத் துறைக்கு விண்ணப்பிக்கலாம், எந்தத் துறைக்கு விண்ணப்பிக்கவே இயலாது என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்துவிடுகிறது. பின்னாளில் அவர் வருந்தினால், “நீயே தேர்ந்தெடுத்ததுதானே” என்று உலகம் சொல்லும். அவ்வாறு சொல்வது அறமாகுமா? இக்கட்டுரை ஆராய முற்படும் வினா இதுவே.

வாயில்கள் இடம் மாறிய வரலாறு

இவ்வினாவுக்கு விடை காண, மாணவரைப் பிரிக்கும் வாயில்கள் இந்நாட்டில் எங்கெங்கே இருந்தன என்பதை முதலில் அறிதல் வேண்டும். ஆங்கிலேயர் ஆட்சியில் 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் நிருவாகம் பள்ளி அமைக்க வேண்டும் என்று விதித்தது. பள்ளி அமைந்தது, ஆயின் அப்பள்ளிக்கு அப்பால் செல்லும் வழி அமையவில்லை. எழுத்தும் கணக்கும் சிறிதளவு கற்ற பிள்ளை மீண்டும் பால்மரக் காட்டுக்கே திரும்பியது. அங்கே தேர்ந்தெடுத்தல் என்னும் பேச்சுக்கே இடமில்லை.

விடுதலைக்குப் பின்னரும் சில ஆண்டுகள், தொடக்கப்பள்ளி முடிவில் இடைநிலைப்பள்ளி நுழைவுத் தேர்வு ஒன்று இருந்தது. அதில் தேறாத பிள்ளையின் கல்வி ஏறக்குறையப் பன்னிரண்டு வயதிலேயே முடிவுற்றது. 1960ஆம் ஆண்டின் ரஹ்மான் தாலிப் அறிக்கையும் அதனை ஒட்டி எழுந்த 1961ஆம் ஆண்டின் கல்விச் சட்டமும் வகுத்த வழியில், 1960களின் நடுவில் அத்தேர்வு நீக்கப்பட்டது. பிள்ளைகள் யாவரும் இடைநிலைப்பள்ளிக்குச் செல்லலாயினர். தமிழ்ப்பள்ளியிலிருந்து சென்றவர்கள் புகுமுக வகுப்பில் ஓராண்டு இருந்து, புதிய பயிற்று மொழியில் பழகி, அதன்பின் முதலாம் படிவத்தில் கால்வைத்தனர்.

ஆறாம் ஆண்டில் இருந்த வாயில் இவ்வாறு நீங்கியபோது, மூன்றாம் படிவத்தில் இருந்த வாயில் வலுப்பெற்றது. எல்.சி.இ. என்றும், 1978 முதல் எஸ்.ஆர்.பி. என்றும், 1993 முதல் பி.எம்.ஆர். என்றும், 2014 முதல் பி.டி.3 என்றும் பெயர் மாறி மாறி வந்த தேர்வின் மதிப்பெண்ணே, ஒருவர் அறிவியல் பிரிவுக்குரியவரா, கலைப்பிரிவுக்குரியவரா, தொழிற்கல்விக்குரியவரா என்பதைச் சொல்லியது. நூற்றுக்கு அறுபது பேர் அறிவியலும் நாற்பது பேர் கலையும் பயில வேண்டும் என்னும் இலக்கை 1967ஆம் ஆண்டின் உயர்கல்வித் திட்டக் குழு முன்வைத்தது. அவ்விலக்கு இன்றுவரை பேசப்பட்டு வருகிறது. நாட்டின் வளர்ச்சி கருதி எழுந்த இலக்கு அது. எனினும், கலைப்பிரிவு என்பது அறிவியலுக்கு எடுக்கப்படாதவர் செல்லும் இடம் என்னும் எண்ணமும் பள்ளிதோறும் வேரூன்றிவிட்டது.

2020ஆம் ஆண்டில் நான்காம் படிவத்தின் அறிவியல், கலை என்னும் பிரிவுகள் நீக்கப்பட்டன. பாடங்கள் தொகுப்புகளாக அமைக்கப்பட்டு, மாணவர் தம் விருப்பத்திற்கேற்ப எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லப்பட்டது. 2022இல் பி.டி.3 தேர்வும் ஒழிக்கப்பட்டது. அதற்கு முன்பே, 2021இல், யு.பி.எஸ்.ஆர். தேர்வு முடிவுக்கு வந்திருந்தது. ஆகவே, ஏட்டளவில் பார்த்தால், முதலாம் ஆண்டு முதல் ஐந்தாம் படிவம் வரை பிள்ளையைத் தடுத்து நிறுத்தும் பொதுத் தேர்வு ஒன்றுமில்லை. எஞ்சியிருப்பது அவரவர் விருப்பம் மட்டுமே.

வாயில் உண்மையிலேயே மறைந்துவிட்டதா? அல்லது கண்ணுக்குத் தெரிந்த வாயில் கண்ணுக்குத் தெரியாத வாயிலாக மாறிவிட்டதா?

இரு வீடுகள், ஒரே தாள்

ஒரே வகுப்பில் ஏறத்தாழ ஒரே மதிப்பெண் பெறும் இரு மாணவியரைக் கற்பனையாக எண்ணிப் பார்க்கலாம். ஒருத்தி மருத்துவரின் மகள். மற்றொருத்தியின் பெற்றோர் தோட்டத்தை விட்டுப் பட்டணத்து ஓரத்தில் உள்ள அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபெயர்ந்தவர்கள். தந்தை பாதுகாவலர் வேலை பார்க்கிறார். தாய் தொழிற்சாலையில் ஒரு வாரம் பகலிலும் மறு வாரம் இரவிலுமாக வேலை செய்கிறார். இருவர் கையிலும் இருப்பது அதே தாள்.

மருத்துவரின் மகள் அத்தாளை முடிவிலிருந்து தொடக்கம் நோக்கிப் படிக்கிறாள். எந்தத் துறையில் பட்டம் பெறலாம், அதற்கு ஆறாம் படிவத்திலோ மெட்ரிகுலேஷனிலோ எப்பாடங்கள் வேண்டும், அவற்றுக்கு எஸ்.பி.எம். தேர்வில் எவை அடித்தளம் என்று அவள் வீட்டில் இரவு உணவின்போது பேசப்படுகிறது. பாதுகாவலரின் மகளோ தாளைத் தொடக்கத்திலிருந்து படிக்கிறாள். எது எளிது, எதில் தேறிவிடலாம், தோழி எதை எடுக்கிறாள் என்பவையே அவளுக்கு எட்டும் செய்திகள். கூடுதல் கணிதம் கடினமானது என்பதை அவள் பலர் சொல்லக் கேட்டிருக்கிறாள். அப்பாடம் இல்லையேல் பொறியியல் போன்ற துறைகளின் வழி பெரும்பாலும் அடைபட்டுவிடும் என்பதை அவளிடம் யாரும் சொல்லவில்லை. வேதியியலை விட்டவருக்கு மருத்துவமும் மருந்தியலும் எட்டாக்கனி என்பதையும் சொல்லவில்லை. பாடத்தின் கடுமை ஊரறிந்த செய்தி. பாடத்தின் பயனோ சில வீடுகள் மட்டும் அறிந்த செய்தி.

அவள் அறிந்திருந்தாலும் வேறு தடைகள் உண்டு. சிறு பட்டணத்துப் பள்ளியில் இயற்பியல் கற்பிக்கத் தேர்ந்த ஆசிரியர் இல்லாதிருக்கலாம். கூடுதல் கணிதம் கேட்டவர் ஐந்தாறு பேரே என்பதால் வகுப்புத் திறக்கப்படாமல் போகலாம். பிள்ளைகள் குறைவான பள்ளியில் தொகுப்புகளும் குறைவு. தாளில் ஐந்து கட்டங்கள் அச்சிடப்பட்டிருந்தாலும் அவற்றுள் இரண்டே உண்மையில் நடப்பவை. வேறு பள்ளிக்குச் செல்லலாமே எனின், விடியுமுன் பேருந்து வேண்டும். அதற்கு மாதந்தோறும் பணம் வேண்டும்.

வகுப்புக் கிடைத்தபின் தனிப்பயிற்சி என்னும் சுமை வருகிறது. இந்நாட்டில் ‘டியூஷன்’ என்பது இன்று பள்ளிக்கு இணையான மற்றொரு பள்ளியாகவே ஆகிவிட்டது. நான்கு கடினமான பாடங்களுக்கு மாதக் கட்டணம் செலுத்துவது ஒரு வீட்டுக்குச் சிறு செலவு. மற்றொரு வீட்டுக்கு அது வாடகைப் பணம்.

இவை எல்லாவற்றினும் ஆழமான வேறுபாடு ஒன்றுண்டு. அது தவறிவிடும் உரிமை பற்றியது. மருத்துவரின் மகள் இயற்பியலில் சறுக்கினால் தனியார் கல்லூரியின் அடித்தள வகுப்பு அவளுக்காகக் காத்திருக்கிறது. பாதுகாவலரின் மகளுக்கு வாய்ப்பு ஒருமுறைதான். கடினமான பாடத்தை எடுத்து ‘டி’ பெறுவதைவிட எளிய பாடத்தை எடுத்து ‘பி’ பெறுவது மேல் என்று அவள் கணக்கிடுகிறாள். அதைக் கோழைத்தனம் என்றோ சோம்பல் என்றோ இகழ்வோர் உளர். அவளுடைய நிலையில் நின்று பார்த்தால் அதுவே அறிவுடைமை. கொடுமை யாதெனில், அவ்வறிவுடைமையே அவளைப் பல்கலைக்கழக வாயிலுக்கு வெளியே நிறுத்திவிடுகிறது.

நேரமும் இக்கணக்கில் சேரும். அரசுப் பல்கலைக்கழக நுழைவுக்கான மதிப்பீட்டில் நூற்றுக்கு 90 பங்கு கல்விக்கும் 10 பங்கு புறப்பாட நடவடிக்கைகளுக்கும் என வகுக்கப்பட்டது. பிற்பகலில் திடலில் பயிற்சி முடித்து மகிழுந்தில் வீடு திரும்பும் பிள்ளைக்கு அந்தப் பத்துப் பங்கு மகிழ்ச்சியான கடமை. ஒரே பேருந்தை விட்டால் வேறு பேருந்தில்லாத பிள்ளைக்கும், தாய் வேலைக்குச் செல்லுமுன் வீடு சேர்ந்து தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ள வேண்டிய பிள்ளைக்கும் அது எட்டாத பத்து.

‘தகுதி’ என்னும் சொல்

இவ்விடத்தில் மறுப்பு ஒன்று எழக்கூடும். ஏழைக் குடும்பத்தில் பிறந்து, மண்ணெண்ணெய் விளக்கில் படித்து, மருத்துவராகவும் பொறியியலாளராகவும் உயர்ந்த தோட்டத்துப் பிள்ளைகள் இல்லையா? அவர்களால் இயன்றது மற்றவரால் ஏன் இயலவில்லை? முயன்றவர் உயர்ந்தார், முயலாதவர் நின்றார், இதில் அநீதி எங்கே?

இம்மறுப்பில் உண்மை இல்லாமல் இல்லை. முயற்சியின் பெருமையைக் குறைத்துப் பேசும் சமுதாயம் உருப்படாது. மாணவரிடம், “உன் நிலைமைக்கு நீ பொறுப்பில்லை” என்று நாள்தோறும் சொல்லும் ஆசிரியர் அவருடைய கைகால்களைக் கட்டிப்போடுகிறார். ஆயினும், ஆற்றைச் சிலர் நீந்திக் கடந்தனர் என்பதால் பாலம் தேவையில்லை என்று ஆகிவிடாது. நீந்திக் கடந்தவரைப் போற்றும் அதே வாய், மூழ்கியவரைப் பழிப்பதற்கு உரிமை பெற்றுவிடவும் இல்லை.

புறநானூற்றின் 183ஆம் பாட்டு ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் பாடியது. கற்ற மகனிடத்தே தாயின் மனமும் கூடுதலாகச் சாயும். அறிவுடையோன் காட்டும் வழியில் அரசனும் செல்வான். பிறப்பினால் வந்த மேல் கீழ் என்னும் வேறுபாடு கல்வியின் முன் நில்லாது என்பன அதன் கருத்துகள். கல்வி விழா மேடைகளில் இக்கருத்துகள் தவறாமல் ஒலிக்கும். ஆனால் அப்பாட்டின் தொடக்கத்தை எண்ணிப் பார்ப்போர் குறைவு. ஆசிரியருக்குத் துன்பம் வந்தபோது துணை நின்றும், நிறைந்த செல்வத்தை அவருக்கு அளித்தும், பணிந்து நிற்பதற்குச் சலிக்காமலும் கற்றல் வேண்டும் என்று அது தொடங்குகிறது. கல்வி பிறப்பின் தடையைத் தகர்க்கும் என்று பாடிய பாண்டியன், அக்கல்விக்கு விலை உண்டு என்பதையும் மறைக்கவில்லை. அவ்விலையைக் கொடுக்க இயலாதவன் என் செய்வான் என்பது அவன் காலத்தில் எழாத வினா. வரிப்பணத்தில் பொதுப்பள்ளி நடத்தும் இக்காலத்தில் அவ்வினாவைத் தவிர்த்தல் இயலாது.

‘தகுதியாட்சி’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லைப் பரப்பியவர் மைக்கேல் யங் என்னும் ஆங்கிலேயச் சமூகவியலறிஞர். 1958ஆம் ஆண்டில் அவர் எழுதிய நூல் அவ்வாட்சியைப் புகழ எழுந்ததன்று. எள்ளி எச்சரிக்க எழுந்தது. தம் உயர்வு முழுவதும் தம் தகுதியினாலேயே வந்தது என்று நம்பும் ஒரு வகுப்பார் மேலே அமர்வர். தம் தாழ்வும் தம் தகுதிக் குறைவினாலேயே வந்தது என்று நம்பவைக்கப்பட்ட மற்றொரு வகுப்பார் கீழே கிடப்பர். மேலிருப்பவரின் இரக்கமும் வற்றும், கீழிருப்பவரின் தன்மதிப்பும் வற்றும் என்பது அவருடைய அச்சம். அச்சொல்லை உலகம் பாராட்டுச் சொல்லாக எடுத்துக்கொண்டதைக் கண்டு, தம் இறுதிக் காலத்தில் 2001ஆம் ஆண்டில் அவர் வருந்தி எழுதினார்.

ஆகவே, ஒரு தேர்வைத் தேர்ந்தவரின் பொறுப்பு என்று சொல்வதற்கு மூன்று நிலைகள் நிறைவேறியிருத்தல் வேண்டும். முதலாவது அறிதல்: எடுப்பதனால் எது திறக்கும், விடுவதனால் எது அடைபடும் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டாவது இயலுதல்: தாளில் உள்ள வழி உண்மையிலேயே அவர் நடக்கக்கூடிய வழியாக இருக்க வேண்டும். மூன்றாவது மீளுதல்: பதினைந்து வயதில் செய்த பிழையைப் பின்னர்த் திருத்திக்கொள்ள ஒரு வழி வேண்டும். இம்மூன்றும் இருந்தும் ஒருவர் கவனமின்றித் தேர்ந்தால் அவரைக் குறை கூறலாம். இவற்றுள் ஒன்றும் இல்லாதவரை நோக்கி “நீயே தேர்ந்தெடுத்தாய்” என்பது, கட்டுண்டவனை நோக்கி “நீ ஏன் ஓடவில்லை” என்று கேட்பதற்கு ஒப்பாகும்.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்துதல் நன்று. கணக்கியலோ வரலாறோ இலக்கியமோ தொழிற்கல்வியோ இயற்பியலுக்குத் தாழ்ந்தது என்பது இதன் பொருளன்று. விரும்பி, அறிந்து, தொழிற்கல்வியை எடுக்கும் மாணவர் எவருக்கும் குறைந்தவரல்லர். வேறு எதுவும் இல்லாமையால் எடுத்ததை விருப்பம் என்று பெயரிட்டு அழைப்பதே தவறு. ஒரு பள்ளியில் நடப்பது நேர்மையான தேர்வா என்பதை அளக்க எளிய உரைகல் ஒன்று உண்டு: அப்பள்ளியில் தரப்படும் தொகுப்புகளையும் அறிவுரையையும், அங்குப் பணியாற்றும் ஆசிரியர் தம் சொந்தப் பிள்ளைக்குப் போதுமென ஏற்றுக்கொள்வாரா?

கடைசி வாயிலும் அதற்கு முந்திய வாயிலும்

பல்கலைக்கழக நுழைவைப் பற்றிய பேச்சு மலேசியத் தமிழரிடையே ஓயாத பேச்சு. அதற்குக் காரணங்கள் உண்டு. 1970களில் இடம்பெற்ற இன அடிப்படையிலான ஒதுக்கீட்டு முறை 2002ஆம் ஆண்டில் நீக்கப்பட்டுத் தகுதி முறை வந்ததாக அறிவிக்கப்பட்டது. ஆனால் தகுதியை அளக்கும் வழி ஒன்றாக இல்லை. ஓராண்டில் முடியும் மெட்ரிகுலேஷன் ஒருபுறமும், அதனினும் நீண்டதான எஸ்.டி.பி.எம். மறுபுறமுமாக இரு வழிகள் நின்றன. மெட்ரிகுலேஷன் இடங்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பூமிபுத்ரா மாணவர்க்கும் பத்து மற்றவர்க்கும் என்னும் விகிதம், 2019இல் மொத்த இடங்கள் 25,000இலிருந்து 40,000 ஆக உயர்த்தப்பட்டபோதும் மாறவில்லை. 2024ஆம் ஆண்டில், எஸ்.பி.எம். தேர்வில் பத்து ‘ஏ’ அல்லது அதற்கு மேற்பட்டுப் பெறும் மாணவர்க்கு இன வேறுபாடின்றி மெட்ரிகுலேஷன் இடம் உறுதி என அரசு அறிவித்தது. பல குடும்பங்களின் கண்ணீரைத் துடைக்க வல்ல அறிவிப்பு அது.

அவ்வறிவிப்பிலும் பாடத் தேர்வின் நிழல் விழுந்திருப்பதைக் காணலாம். பத்து ‘ஏ’ பெற வேண்டுமெனின் முதலில் பத்துப் பாடங்கள் எழுதியிருக்க வேண்டும். ஒன்பது பாடங்களுக்கு மேல் எடுக்க வழியில்லாத பள்ளியில் பயின்ற பிள்ளை, ஒன்பதிலும் ‘ஏ’ பெற்றாலும் அவ்வரிசையில் நிற்க இயலாது. மெட்ரிகுலேஷனில் அறிவியல் பயில விரும்புவோர்க்குக் கூடுதல் கணிதமும் வேதியியலும் இன்றியமையாதவை. அவற்றை மூன்றாம் படிவ முடிவிலேயே கைவிட்டவருக்கு, எத்தனை ‘ஏ’ வாங்கினாலும் அக்கதவு மூடியதே.

கடைசி வாயிலில் இடம் மறுக்கப்பட்ட மாணவரின் குரல் நாளிதழ்களில் ஒலிக்கிறது, தலைவர்கள் அறிக்கை விடுகின்றனர், மேல்முறையீடு நடைபெறுகிறது. அது வேண்டியதே. ஆனால் அவ்வாயில்வரை வந்து சேர்ந்தவர்களே அங்கே குரல் எழுப்ப முடியும். பதினைந்து வயதில், ஒரு தாளில் ஒரு கட்டத்தைக் குறித்த அன்றே திரும்பிப் போனவர்களுக்காக எந்த நாளிதழும் எழுதுவதில்லை, மேல்முறையீட்டுக்கு இடமுமில்லை. தமக்கு ஒன்று மறுக்கப்பட்டது என்பதைக்கூட அவர்கள் அறியார்.

இதனால் கசப்பான மற்றோர் உண்மையும் வெளிப்படுகிறது. இனங்களுக்கிடையே உள்ள ஏற்றத்தாழ்வைப் பேசுவது தமிழர்க்கு எளிது. தமிழர்க்குள்ளேயே, படித்த வீட்டுக்கும் படிக்காத வீட்டுக்கும் இடையே உள்ள ஏற்றத்தாழ்வைப் பேசுவது எளிதன்று. அதைப் பேச வேண்டியவர்களில் பலர், படித்த வீட்டில் வாழ்பவர்கள்.

தமிழ் என்னும் பாடம்

தமிழாசிரியரைப் பொறுத்தவரை இவ்வினா மிகக் கூர்மையாகத் தைக்கும் இடம் தமிழ்ப்பாடமே. கணக்கு எளிது. அறிவியல் பயிலும் மாணவர் தேசிய மொழி, ஆங்கிலம், வரலாறு, நன்னெறி, கணிதம், கூடுதல் கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகிய ஒன்பதை எழுதுகிறார். தமிழை எடுத்தால் பத்து. தமிழ் இலக்கியத்தையும் எடுத்தால் பதினொன்று. 2010 முதல் எஸ்.பி.எம். தேர்வில் பத்துப் பாடங்களுக்கு மேல் எழுதலாகாது என்று 2009ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டபோது, முதலில் உதிர்வது தமிழ் இலக்கியமே என்று தமிழ் அமைப்புகள் அஞ்சியதற்கு இக்கணக்கே காரணம். எதிர்ப்புக்குப் பின் கூடுதலாக இரண்டு பாடங்களுக்கு இடமளிக்கப்பட்டது.

சட்டம் இடமளித்துவிட்டது, வாழ்க்கை இடமளிக்கிறதா? பல பள்ளிகளில் தமிழ் வகுப்பு பாட அட்டவணைக்கு வெளியே, பிற்பகலிலோ வார இறுதியிலோ நடைபெறுகிறது. 1996ஆம் ஆண்டின் கல்விச் சட்டப்படி பதினைந்து மாணவரின் பெற்றோர் கேட்டால், இயலுமிடத்துத் தாய்மொழி கற்பிக்க வசதி செய்யப்பட வேண்டும். பதினான்கு பேர் இருக்கும் இடத்தில் பதினைந்தாவது மாணவரைத் தேடும் ஆசிரியரின் தவிப்பு, அனுபவித்தவர்க்கே தெரியும். அத்தவிப்பில் இரு பிழைகள் நேரக்கூடும்.

ஒன்று, உண்மையை மறைத்தல். கூடுதல் நேரம் செலவாகும், பிற பாடங்களுக்கான நேரம் குறையும் என்பவற்றைச் சொல்லாமல், “தமிழனாகப் பிறந்து தமிழை விடலாமா” என்று மட்டும் கேட்டுப் பிள்ளையை வகுப்பில் அமர்த்துவது. அன்பின் பெயரால் செய்தாலும் அது அறியாப் பிள்ளையின் அறியாமையைப் பயன்படுத்திக்கொள்வதே ஆகும். மற்றொன்று, கெட்டிக்கார மாணவரிடம் “உனக்கு எதற்குத் தமிழ்? மற்றப் பாடங்களில் ‘ஏ’ வாங்கு” என்று ஒதுக்கிவிடுவது. இதனால் தமிழ் வகுப்பு, வேறு வழியில்லாதார் வந்து சேரும் வகுப்பாகிறது. வசதி படைத்தவர் மொழியை மேடையில் வாழ்த்துவர். மொழியின் சுமையை ஏழைப் பிள்ளை தேர்வு மண்டபத்தில் சுமப்பான். இதுவும் ஏற்றத்தாழ்வே.

முழு உண்மையைச் சொல்வதில் தமிழுக்கு இழப்பு ஒன்றுமில்லை. தமிழாசிரியர் பயிற்சிக்கும், மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறைக்கும், தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் தமிழ்க்கல்விக்கும் தமிழ்ப்பாடமே நுழைவாயில். ஒன்பது பாடங்கள் பயிலும் மாணவர்க்குப் பத்தாவது பாடமாக அமையக்கூடியதும் அதுவே. அதை விட்டவருக்கும் சில கதவுகள் அடைபடும். திறக்கும் கதவையும் அடைபடும் கதவையும், செலவாகும் நேரத்தையும் ஒருங்கே எடுத்துரைத்துவிட்டு, முடிவைப் பிள்ளையிடமும் பெற்றோரிடமும் விட வேண்டும்.

ஒரு வரலாற்றுச் செய்தியை இங்கு நினைவுகூரலாம். மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இருந்தபோது, 1956இல் அங்கு இந்திய ஆய்வியல் துறை தோன்றிற்று. அதில் தமிழ் நிலைபெற வேண்டும் என்று ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் நிதியைத் திரட்டினார். ஆளுக்கு ஒரு வெள்ளி என்று மக்கள் கொடுத்தனர். துறைமுகத்திலும் தோட்டத்திலும் உழைத்தவர்கள் கொடுத்தனர். பல்கலைக்கழகத்தின் வாயிலைக்கூடப் பார்த்திராதவர்கள், அதன் நூலகத்தில் தமிழ் நூல்கள் நிறைய வேண்டுமென்று தம் கூலியிலிருந்து கொடுத்தனர். அவர்களிடம் எவரும், “உன் பிள்ளை அங்கே படிக்குமா” என்று கேட்கவில்லை. தமிழ் பல்கலைக்கழகத்தில் இடம்பெற்றது. அந்த வெள்ளியைக் கொடுத்தவரின் பேரப்பிள்ளை அங்கே இடம்பெற்றதா என்பது, இன்று தமிழ் கற்பிப்போர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா. அன்று சுமை பொதுவில் பகிரப்பட்டது. இன்றும் தமிழ் எடுக்கும் ஏழைப் பிள்ளையின் பேருந்துக் கட்டணமும், இலக்கிய நூல்களின் விலையும், வார இறுதி வகுப்பின் செலவும் சமுதாயத்தின் சுமையாக வேண்டுமேயன்றி அப்பிள்ளையின் சுமையாக நின்றுவிடலாகாது.

ஆசிரியரின் பொறுப்பு

தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டுடன் முடிகிறது. பாடத் தேர்வோ அதற்கு மூன்று நான்கு ஆண்டுகள் கழித்து, வேறொரு பள்ளியில், வேறொரு மொழிச் சூழலில் நிகழ்கிறது. ஆகவே அது தம் கடமைக்கு அப்பாற்பட்டது என்று தமிழ்ப்பள்ளி ஆசிரியர் எண்ணுவது இயல்பு. ஆயின், மூன்றாம் படிவத்தில் கூடுதல் கணிதத்தைக் கண்டு அஞ்சும் அச்சம் அன்று பிறந்ததன்று. நான்காம் ஆண்டில் பின்னக் கணக்குப் புரியாமல், கேட்கவும் துணியாமல், பின்வரிசையில் அமர்ந்திருந்த நாளில் அது பிறந்தது. அந்நாளில் அப்பிள்ளைக்கு அரைமணி நேரம் கூடுதலாகச் செலவிட்ட ஆசிரியர், தாம் அறியாமலேயே ஒரு பல்கலைக்கழகக் கதவைத் திறந்து வைத்தவராவார்.

செய்யக்கூடியவை பெரியன அல்ல. ஆறாம் ஆண்டு மாணவரின் பெற்றோரைப் பள்ளியை விட்டு அனுப்புமுன் ஒருமுறை அழைத்து, எந்தப் பாடம் எந்தத் துறைக்கு வழி என்பதை அவர்களுக்குப் புரியும் தமிழில் விளக்கலாம். வேலை முடிந்து வர இயலாத பெற்றோர்க்காக அக்கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றலாம். வட்டாரத்து இடைநிலைப்பள்ளிகளில் எப்பாடங்கள் உண்மையில் நடைபெறுகின்றன என்பதைக் கேட்டறிந்து ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளலாம். மூன்றாம் படிவத்தை எட்டிய முன்னாள் மாணவரை ஆண்டுக்கு ஒருமுறை அழைத்து, அப்பள்ளியிலேயே பயின்று பல்கலைக்கழகம் சென்ற மூத்தோரைக் கொண்டு பேசச் செய்யலாம். இடைநிலைப்பள்ளித் தமிழாசிரியர், பெற்றோர்க்குப் புரியாத தாளைத் தமிழில் படித்துக் காட்டலாம். இவற்றுக்குச் சட்டத் திருத்தம் தேவையில்லை, மானியமும் தேவையில்லை.

அரசின் கடமையை இது குறைக்காது. சிறு பள்ளிகளுக்கு ஆசிரியரை அனுப்புவதும், நுழைவு முறையை நேர்மையாக்குவதும், பிழையாகத் தேர்ந்தவர் மீண்டு வர வழி அமைப்பதும் அரசின் பணி. அவற்றைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் இவ்வாண்டு மூன்றாம் படிவத்தில் இருக்கும் பிள்ளை அவை நிறைவேறும்வரை காத்திருக்க முடியாது. அதன் கையில் தாள் வந்துவிட்டது.

பிறரால் தேர்ந்தெடுக்கப்பட்ட பிள்ளையைத் தானே தேர்ந்தெடுக்கும் பிள்ளையாக மாற்றுவதே ஆசிரியர் பணியின் பயன். வழியை முழுதும் அறிந்த பின் அப்பிள்ளை மருத்துவத்தை நாடினாலும் மின்பணியை நாடினாலும் தமிழ் இலக்கியத்தை நாடினாலும், அத்தேர்வு அதனுடையது. அதன் பொறுப்பும் அதனுடையது. அதுவரை அப்பொறுப்பு, அறிந்திருந்தும் சொல்லாமல் இருந்தவர்களுடையது. தாளில் கையொப்பமிடும் தாயின் அருகில், அந்த ஐந்து நிமிடம், விவரம் அறிந்த ஒருவர் அமர்ந்திருக்க வேண்டும். அவ்விடத்தில் அமர்வதற்குத் தமிழாசிரியரினும் உரியவர் வேறு யாருமிலர்.